வன்னியின் மேல் விழும் உலக வரைபடம்: மீநுண் துணிக்கை மாதிரியில் அறிகுறி பார்த்துப் பிழை தேடல்

உலகம் முழுவதற்குமான மீநுண் துணிக்கை வரைபடம் ஒன்றைத் திறந்து வன்னிப் பெருநிலப்பரப்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆனையிறவிலிருந்து வவுனியா வரை ஒரே நிறம் பூசிக் கிடக்கும். இல்லாவிட்டால் காடும் வயலும் குளமும் வெளிறிப் போயிருக்க, ஏ9 வீதி மட்டும் சிவப்பு நூலாக எரியும். எது வந்தாலும் கை முதலில் போவது அந்த வரைபடத்தைக் கணித்த கணினி மாதிரியின் நிரலைத் திருத்துவதற்குத்தான். நானும் அப்படியே செய்து இரண்டு காலபோக நெற்பருவங்களை வீணாக்கினேன். எதை எண்ணுகிறோம், எந்த அளவிலிருந்து எண்ணத் தொடங்குகிறோம், எந்த மணியில் எண்ணுகிறோம், எவ்வளவு பெரிய பெட்டிக்குள் எண்ணுகிறோம் என்ற நான்கு கேள்விகளையும் முதல் நாளே கேட்டிருந்தால் அந்தக் காலம் மிஞ்சியிருக்கும்.

அறிவியல்நகர், பம்பைமடு பல்கலைக்கழக வளாகங்களில் படித்துக்கொண்டு இந்த வேலையைக் கையில் எடுக்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன். உங்களுக்கு வந்திருக்கும் அறிகுறியைத் தேடி நேரே அங்கே போகலாம். அடுத்த பகுதியை மட்டும் தாண்டிவிட வேண்டாம்.

மூட்டையும் உமித்தூளும்

குறுக்களவு 100 நானோமீற்றருக்குக் குறைந்த துணிக்கையே மீநுண் துணிக்கை. இதை நிறுத்துப் பயனில்லை, எண்ண வேண்டும். நிறை, விட்டத்தின் மும்மடியாகக் கூடுகிறது. 2.5 மைக்ரோமீற்றர்த் துணிக்கை ஒன்றின் நிறையை ஈடுசெய்ய 100 நானோமீற்றர்த் துணிக்கைகள் 15,625 வேண்டும். 10 நானோமீற்றர் என்றால் ஒன்றரைக் கோடிக்கு மேல் வேண்டும். நெல் ஆலைத் தராசு மூட்டையைச் சரியாக நிறுக்கும். சாக்கில் ஒட்டியிருக்கும் உமித்தூள் எத்தனை என்று அதனிடம் கேட்க முடியாது. நாம் நாளாந்தம் கேள்விப்படும் பி.எம். 2.5, அதாவது 2.5 மைக்ரோமீற்றர் வரையான துணிக்கைகளின் மொத்த நிறை, மூட்டையின் நிறை. நமக்கு வேண்டியது உமித்தூளின் எண்ணிக்கை.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட காற்றுத்தர வழிகாட்டியில் பி.எம். 2.5இற்கு ஆண்டுச் சராசரி கன மீற்றருக்கு 5 மைக்ரோகிராம் என்று எல்லை வைத்தது. மீநுண் துணிக்கைக்கு அப்படியோர் எல்லை வைக்கவில்லை. நல்நடைமுறைக் கூற்று மட்டுமே தந்தது. அதன்படி 24 மணிச் சராசரி கன சென்ரிமீற்றருக்கு 1,000இற்குக் குறைந்தால் தாழ்வு. 24 மணிச் சராசரி 10,000ஐயோ ஒரு மணிச் சராசரி 20,000ஐயோ தாண்டினால் உயர்வு. உங்கள் விடை இந்த எண்களோடு எந்த உறவும் இல்லாமல் நின்றால் அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி: எண் கோடிகளில் பாய்கிறது, அல்லது பூச்சியத்தில் படுத்துவிடுகிறது

இது அலகுக் கோளாறு. உலக மாதிரிகள் பல, ஒரு கிலோகிராம் வளிக்கு இத்தனை துணிக்கை என்று எழுதிவைக்கும். கருவி ஒரு கன சென்ரிமீற்றருக்கு இத்தனை என்று காட்டும். கிலோகிராமுக்கு ஆயிரம் கோடி என்று வந்தால் பதறத் தேவையில்லை. வன்னியின் பகல் வெப்பத்தில் ஒரு கன மீற்றர் வளி ஏறத்தாழ 1.16 கிலோகிராம். அதனால் பெருக்கிப் பத்து இலட்சத்தால் வகுத்தால் 11,600 வரும்; நம்பக்கூடிய எண். கூடவே, கருவித் தரவு 0 பாகை நியம நிலைக்கு மாற்றப்பட்டதா என்று பாருங்கள். 30 பாகையில் அளந்ததை அப்படி மாற்றினால் மட்டும் 11 சதவீதம் ஏறிவிடும்.

அறிகுறி: நண்பகலில் வர வேண்டிய எழுச்சி விடியற்காலையில் வருகிறது

வெயில் ஏறும்போது ஆவிகளிலிருந்து புதிய துணிக்கைகள் பிறந்து நண்பகலை ஒட்டி எண்ணிக்கை எழும். அது விடியலில் வந்தால் காரணம் கடிகாரம்: மாதிரி கிரீன்விச் நேரத்தில் எழுதுகிறது. நாம் ஐந்தரை மணி முன்னே இருக்கிறோம். ஐந்தைக் கூட்டிவிட்டு அந்த அரை மணியை மறப்பவர்கள் அதிகம். மாதிரியின் ஒரு மணிச் சராசரியும் நம் கடிகார மணியும் பாதிப் பாதி ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். காலை ஏழரைக்குப் பாடசாலை வாசலில் எழும் மோட்டார் சைக்கிள் புகை இரண்டு மணிகளுக்கும் பிரிந்து தட்டையாகிவிடும். கருவித் தரவை நிமிட அளவில் வைத்திருந்து, மாதிரியின் மணிக்கு ஏற்ப நீங்களே கூட்டுங்கள்.

நம் ஊருக்கு மட்டும் உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. 1996இலிருந்து 2006 ஏப்ரல் வரை கொழும்பு தன் கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்திருந்தது. வன்னி பழைய நேரத்திலேயே இருந்தது. அந்தக் காலத்து மழை, வெப்பநிலைக் குறிப்பேடு எதையாவது மாதிரியோடு ஒப்பிட எடுத்தால், எழுதியவர் எந்த நேரத்தில் வாழ்ந்தவர் என்று முதலில் விசாரியுங்கள்.

அறிகுறி: கருவி காட்டுவது மாதிரியை விட எந்நாளும் குறைவு

மாதிரியைக் குற்றம் சொல்லும் முன் குழாயைப் பாருங்கள்.

ஒடுக்க முறையில் எண்ணும் கருவி, கண்ணுக்கும் ஒளிக்கும் அகப்படாத துணிக்கையைப் பியூட்டனால் என்ற மதுசாரத்தின் ஆவிக்குள்ளோ நீராவிக்குள்ளோ அனுப்பி, அந்த ஆவியைத் தாங்கக்கூடியதற்கு மேல் நிரம்பச் செய்கிறது. ஆவி துணிக்கையின் மேல் ஒடுங்கித் துளியாகப் பருக்கிறது. பருத்த துளியை லேசர் எண்ணுகிறது. எவ்வளவு சிறியதிலிருந்து பருக்கவைக்க முடியும் என்பது கருவிக்குக் கருவி வேறு. ஐரோப்பியத் தொழில்நுட்ப விவரக்குறிப்பு 2016இல் 7 நானோமீற்றரைக் கீழ் எல்லையாக வைத்தது. 2024இன் தரநிலை அதை 10 ஆக்கியது. உங்கள் மாதிரி 3 நானோமீற்றரிலிருந்து கூட்டியிருந்தால், புதிதாகப் பிறந்த துணிக்கைக் கூட்டம் முழுவதும் மாதிரிக்குள் இருக்கும், கருவிக்குள் இருக்காது. இதில் பிழை செய்தது மாதிரியும் அல்ல, கருவியும் அல்ல, ஒப்பிட்ட நாம். மாதிரியின் அளவு வகுப்புகளை 10இலிருந்து மட்டும் கூட்டி மறுபடி பாருங்கள். ஏழு முகடுகளாக, அதாவது ஏழு அளவுக் குவியல்களாக, துணிக்கைகளைப் பிரிக்கும் எக்காம்-ஹாம் போன்ற மாதிரிகளில் வெட்ட வேண்டிய இடம் ஒரு முகட்டின் நடுவே வரும். முழு முகட்டையும் தூக்கி எறியாமல் மடக்கை-இயல்புப் பரம்பலைத் தொகையிட்டு வெட்ட வேண்டும். அளவுத் தட்டுத் தட்டாகப் பிரிக்கும் டோமாஸ் வகையில் இந்தத் தொல்லை குறைவு.

மேல் எல்லையும் உண்டு. அது எதிர்த் திசையில் ஏமாற்றும். கருவி 100 நானோமீற்றரோடு நிற்காது. ஒரு மைக்ரோமீற்றருக்கு மேலும் எண்ணிக்கொண்டே போகும். வீதியோரத்தில் இது பெரிய விடயமில்லை, அங்கே பெரும்பகுதி மீநுண் துணிக்கைதான். வைக்கோற் புகை சூழ்ந்த வயற்கரையில் அப்படியல்ல; முதிர்ந்த புகையில் பாதிக்கு மேற்பட்டவை 100ஐத் தாண்டியிருக்கக்கூடும். மொத்த எண்ணிக்கையை மீநுண் துணிக்கை என்று பெயர் மாற்றி எழுதிவிடாதீர்கள்.

அடுத்தது குழாய். மிகச் சிறிய துணிக்கைகள் பிரௌனியன் அசைவால் குழாய்ச் சுவரில் போய் ஒட்டிவிடும். பருத்த குழாய் போட்டால் இழப்புக் குறையும் என்று நானும் நம்பியிருந்தேன். சீரான ஓட்டத்தில் இழப்பைத் தீர்மானிப்பவை குழாயின் நீளமும் ஓட்ட வீதமுமே. குழாயின் அகலம் அல்ல. ஆகவே குழாயைக் குட்டையாக்குங்கள், ஓட்டத்தைக் கூட்டுங்கள். தோட்டத்துக்கு நீர் இறைக்கும் பிளாஸ்டிக் குழாயை வெட்டிப் பொருத்தவே வேண்டாம். அதில் நிலைமின் ஏறித் துணிக்கைகளைப் பிடித்துக்கொள்ளும்.

பிறகு வெயிலும் ஈரமும். தகரக் கூரைக்குக் கீழே பங்குனி வெயிலில் கருவியின் குளிர்ப் பகுதி தன் வெப்பநிலையைப் பிடித்துவைக்க முடியாமல் திணறும். எண்ணிக்கை மெல்ல மெல்லச் சரியும், பார்ப்பவருக்கு அது பின்னேரத்துத் தூய காற்றாகத் தோன்றும். மார்கழி மழையில் பியூட்டனால் காற்றிலுள்ள நீரை உறிஞ்சிக் கெட்டுப்போகும். உள்ளே வரும் காற்றைச் சாரீரப்பதன் 40 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை உலர்த்துங்கள். வாரம் ஒரு தடவை கருவியின் காற்று வாயில் துணிக்கைகளைத் தடுக்கும் வடிகட்டி ஒன்றை மாட்டிப் பூச்சியம் காட்டுகிறதா என்று பாருங்கள். ஓட்ட வீதத்தைத் தனிக் கருவியால் அளந்து எழுதிவையுங்கள். மின்வெட்டு முடிந்து கருவி மீளத் தொடங்கும் முதல் அரை மணித் தரவை நான் கேள்வியே கேட்காமல் அழித்துவிடுகிறேன்.

அறிகுறி: மலிவு விலை உணரி "துணிக்கை எண்ணிக்கை" தருகிறது, ஆனால் மாதிரியோடு ஒட்டவே இல்லை

ஒட்டாது. ஒளிச் சிதறலில் இயங்கும் அந்தச் சிறு பெட்டிகளுக்கு ஏறத்தாழ 300 நானோமீற்றருக்குக் கீழே பார்வை இல்லை. அவை எண்ணுவது வேறு துணிக்கைகளை. செய்மதி காணும் ஒளியியல் ஆழத்தை, அதாவது துணிக்கைகள் ஒளியை மறைக்கும் அளவை, வைத்து மீநுண் துணிக்கையைத் தேடுவதும் இதே கதைதான்.

அறிகுறி: கருவியில் திடீர் பாய்ச்சல்கள், மாதிரியில் ஒன்றுமில்லை

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் இரவல் கருவி ஒன்றைச் சில நாட்கள் வைத்திருந்தேன். ஏ9இல் போகிற வாகனங்கள் பெரும்பாலும் அங்கே நின்று கும்பிட்டுவிட்டுத்தான் போகும். தேங்காய் உடைப்பார்கள், கர்ப்பூரம் கொளுத்துவார்கள், கச்சான் வாங்குவார்கள், பிறகு பஸ் இயந்திரம் மீண்டும் உறுமும். வரைபில் ஊசி ஊசியாக எழுந்துகொண்டே இருந்தது. கச்சான் வறுக்கிற அக்கா ஒருவர் இரண்டாம் நாள் வந்து எட்டிப் பார்த்தார்.

"தம்பி, இந்தப் பெட்டி என்ன குடிக்கிறது?"

"புகை, அக்கா."

"அப்படியென்றால் என் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால்தானே வயிறு நிறையும்?"

ஏற்கெனவே அவருடைய அடுப்பிலிருந்துதான் அது வயிறு நிறைத்துக்கொண்டிருந்தது என்று அன்று மாலைதான் எனக்கு விளங்கியது. விறகுத் தணலில் மணல் வறுபடும் நேரங்களும் வரைபின் ஊசிகளும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. ஒரு கிலோமீற்றர்க் கட்டத்தின் சராசரியைச் சொல்கிற மாதிரியிடம் இரண்டு மீற்றர் தள்ளியுள்ள அடுப்பைக் கேட்பது நியாயமில்லை.

இதற்கு மருந்து இரண்டு. நிமிடத் தரவிலிருந்து மணிச் சராசரி எடுக்காமல் மணி இடையத்தையும், அதற்குக் கீழே பத்தாம் நூற்றுமத்தையும் எடுங்கள். கட்ட மாதிரியை ஒப்பிட வேண்டியது அந்தப் பின்னணியோடுதான். மற்றது குறிப்பேடு. யார், எப்போது, எதை மூட்டினார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கல் நடக்கும் நாளை முல்லைத்தீவுத் தரவிலிருந்து தனியே பிரித்து வைக்காவிட்டால், அந்த மாதச் சராசரியை அடுப்புகளே எழுதிவிடும்.

அறிகுறி: வன்னி முழுவதும் ஒரே நிறம், நடுவில் மட்டும் நேர்கோடு

இது கட்டத்தின் அளவால் வருவது. இரசாயனக் கடத்தல் மாதிரிகளை உலகம் முழுவதற்கும் ஓட்டும்போது, கணினியின் பொறுமைக்கு ஏற்பக் கட்டத்தைப் பெரிதாக்குவார்கள். ஜியோஸ்-கெம் மாதிரியில் நெடுநாள் புழக்கத்திலிருந்த 2 பாகைக்கு 2.5 பாகைக் கட்டத்தை எடுங்கள். கிளிநொச்சி விழும் பெட்டி வடக்கு அகலாங்கு 9 முதல் 11 வரை, கிழக்கு நெட்டாங்கு 78.75 முதல் 81.25 வரை. அந்த ஒரே பெட்டிக்குள் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் யாழ்ப்பாணமும் பாக்கு நீரிணையும் இராமேசுவரமும் வேதாரணியமும் நாகப்பட்டினமும் அடக்கம். வவுனியா அதற்குக் கீழுள்ள பெட்டி; நீர்கொழும்புக்கும் கண்டிக்கும் கூட்டாளி. பெட்டிகளைப் பிரிக்கும் 9 பாகைக் கோடு மாங்குளத்துக்கும் ஓமந்தைக்கும் இடையே ஏ9ஐக் குறுக்காக வெட்டுகிறது. வரைபடத்தில் அங்கே தெரியும் நேர்கோட்டைப் பார்த்து "வடவன்னி தென்வன்னியை விடத் தூய்மை" என்று ஓர் ஆய்வுச் சுருக்கமே எழுதி வைத்திருந்தேன். அனுப்பும் முன் ஒருவர் அட்டவணையைக் கேட்டார்; தப்பினேன்.

கட்டத்தைச் சிறிதாக்குவது நேரடி வழி. இயலாவிட்டால், பெட்டியின் எண்ணை அப்படியே வன்னிக்குச் சொல்லாமல், நில வகை, வீதி, மக்கள்தொகை கொண்டு பெட்டிக்குள் பங்கிடலாம். பங்கிட்டால் அடுத்த அறிகுறி வந்து கதவைத் தட்டும்.

அறிகுறி: ஏ9 மட்டும் சிவப்பு நூலாக எரிகிறது

இது பெரும்பாலும் இயந்திரக் கற்றல் மாதிரிகளின் நோய். இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

மீநுண் துணிக்கையை எண்ணும் நிலையங்களில் மிகப் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருக்கின்றன. பின்லாந்தின் ஹியூட்டியாலா காட்டு நிலையத்தில் 1996 முதல் தொடர்ச்சியாக அளக்கிறார்கள். மாதிரி அங்கெல்லாம் கற்றுக்கொண்ட பாடம்: பெருவீதி என்றால் வாகனம், வாகனம் என்றால் துணிக்கை. நம் ஏ9ஐத் திறந்த வரைபடங்கள் முதன்மைப் பெருவீதி வகுப்பில் போட்டிருக்கின்றன. மாதிரிக்கு அது ஜேர்மனியின் பெருவீதிக்கு ஒன்றுவிட்ட தம்பி. நள்ளிரவில் மாங்குளத்துக்கும் கனகராயன்குளத்துக்கும் இடையே யானை கடக்கிற வீதி என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. மறுபக்கத்தில், உள்வீதியில் புகை கக்கிப் போகும் இரு சக்கர உழவு இயந்திரம், வயற்கரை மண்ணெண்ணெய் நீர்ப்பம்பி, சமையல் விறகு எதுவுமே அதன் பட்டியலில் இல்லை. வீதி வகுப்பை எடுத்துவிட்டு, கிடைத்தால் வாகன எண்ணிக்கையையும் கிடைக்காவிட்டால் செய்மதி காணும் நைதரசன் ஈரொட்சைட்டையும் போட்டுப் பாருங்கள். சென்ரினல்-5பி செய்மதியின் கட்டம் 5.5க்கு 3.5 கிலோமீற்றர், வீதியைக் காட்டாது, ஆனால் வீதியில் ஒன்றும் ஓடவில்லை என்பதைக் காட்டும்.

மக்கள்தொகைக் கட்டத்தையும் சந்தேகியுங்கள். 1981க்குப் பிறகு இலங்கை முழுவதும் தடையின்றி நடந்த முதல் குடிசன மதிப்பீடு 2012இல்தான். 2001இல் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எண்ணி முடிக்கவே இல்லை. இடையில் எத்தனை இடப்பெயர்வு, 2009இல் என்ன நடந்தது, எப்போது மீள்குடியேற்றம் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். இரண்டு எண்களுக்கு இடையே கோடு இழுக்கும் உலக மக்கள்தொகைக் கட்டத்துக்குத் தெரியாது. 2010ஆம் ஆண்டு வரைபடத்தில் புதுக்குடியிருப்பில் காணும் நிறம், அங்கே இல்லாத மனிதர்களின் அடுப்புப் புகையாக இருக்கக்கூடும்.

இனி மாதிரியின் சொந்தக் குணம். முடிவு மரங்களைக் கூட்டிச் செய்த எழுமாற்றுக் காடு, தான் பயிற்சியில் கண்ட மிகக் குறைந்த எண்ணுக்குக் கீழேயும் மிக உயர்ந்ததற்கு மேலேயும் போகாது. பயிற்சி நிலையங்கள் எல்லாம் நகரங்கள் என்றால், வன்னிக் காட்டுக்கும் ஒரு நகரப் புறச்சேரியின் எண்ணையே தூக்கிக் கொடுக்கும். காட்டுக்குப் பெயர்போன மண்ணில் இந்தக் காடு வழி தவறுவது எனக்குக் கொஞ்சம் வேடிக்கைதான். சரிபார்க்கும்போது நிலையங்களைக் குலுக்கிப் போட்டுப் பிரிக்காதீர்கள். பக்கத்து நிலையம் விடையைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு நாட்டையே, முடிந்தால் ஒரு காலநிலை வலயத்தையே முழுதாக ஒளித்து வைத்துச் சோதியுங்கள். மதிப்பெண் பாதாளத்துக்குப் போகும். அந்த மதிப்பெண்தான் வன்னிக்குப் பொருந்தும்.

மடக்கையில் கணித்துவிட்டுத் திருப்பும்போதும் ஓர் இழப்பு உண்டு. ஒரு மணி 2,000, மறு மணி 20,000 என்றால் சராசரி 11,000. மடக்கைகளின் சராசரியைத் திருப்பினால் 6,300 அளவில்தான் வரும். எச்சங்களைக் கொண்டு திருத்தாமல் விட்ட வரைபடங்கள் எப்போதும் கொஞ்சம் தூய்மையாகவே தெரியும்.

அறிகுறி: வைக்கோல் எரிக்கும் காலத்தில் நிறை பொருந்துகிறது, எண்ணிக்கை பன்மடங்கு ஏறுகிறது

காலபோக அறுவடை முடிந்த மாசி, பங்குனியில் வரும் கோளாறு. உமிழ்வுப் பட்டியல்கள் புகையை நிறையாகத் தருகின்றன. அதை எண்ணிக்கையாக்க, துணிக்கை இந்த அளவு என்று நீங்கள் ஒரு விட்டத்தை ஊகிக்க வேண்டும். விட்டத்தைப் பாதியாக ஊகித்தால் எண்ணிக்கை எட்டு மடங்கு. வாகனப் புகைக்குரிய விட்டத்தை வைக்கோலுக்கும் போட்டிருந்தால் பிழை அங்கேயே முடிந்தது, பெரிதாக்குங்கள்.

அதைத் திருத்திய பிறகும் மிஞ்சினால், திரளலைப் பாருங்கள். கன சென்ரிமீற்றருக்குப் பத்து இலட்சம் துணிக்கை இருக்கும் அடர்புகையில், ஒன்றோடொன்று மோதி ஒட்டிப் பாதியாகக் குறைய ஏறத்தாழ கால் மணி நேரம் போதும். பத்தாயிரம்தான் என்றால் ஒரு நாளுக்கு மேல் பிடிக்கும். உண்மையில் புகை வயல் வரம்பைத் தாண்டும் முன்னரே பாதி துணிக்கைகள் சேர்ந்து பருத்துவிடுகின்றன. மாதிரியோ மூட்டிய கணமே புகையை நாகப்பட்டினம் வரை பரப்பிவிடுகிறது. அடர்த்தி இல்லை, மோதல் இல்லை, எல்லாத் துணிக்கையும் தீர்க்காயுசு. கட்டத்துக்குள் நடக்கும் திரளலுக்கென்று வகுத்த சூத்திரத்தைச் சேர்க்கலாம், அல்லது உமிழும்போதே பருத்த துணிக்கையாக உமிழலாம். நான் இரண்டாவதைச் செய்கிறேன். சோம்பல்தான், ஆனால் வேலை செய்கிறது.

இதற்கு நேர்மாறாக, ஊரெல்லாம் புகைய மாதிரியில் தீயே இல்லை என்றால், செய்மதி காணவில்லை. தீ தேடும் விர்ஸ் உணரி பகல் ஒன்றரைக்கும் இரவு ஒன்றரைக்கும் ஒட்டித்தான் மேலே போகும். வெயில் தணிந்து ஐந்து மணிக்கு மூட்டிய அரை ஏக்கர் வைக்கோல் அதற்குள் சாம்பலாகிவிடும்.

அறிகுறி: கணிப்பு எப்போதும் பி.எம். 2.5 உடன் சேர்ந்தே ஏறி இறங்குகிறது

மூட்டை நிறையைக் கொண்டு உமித்தூளைக் கணித்திருக்கிறீர்கள். பெரிய துணிக்கைகள் நிறைந்த காற்றில் புதியவை பிறப்பது கடினம். கருவாவதற்கு வேண்டிய ஆவி பெரியவற்றின் மேல் போய் ஒடுங்கிவிடும். தப்பிப் பிறந்த சிறியவையும் பெரியவற்றோடு மோதி மறையும். மண்டோஸ் புயல் வாரத்தை நினைத்துப் பாருங்கள். 2022 டிசம்பரில் வன்னியில் மாடுகள் குளிரால் செத்து விழுந்தன. இந்தியப் பக்கமிருந்து வந்த மாசால் நாடு முழுவதும் பாடசாலைகளை ஒரு நாள் மூடினார்கள். அத்தகைய நாளில் நிறை உச்சத்தில் நிற்கும். மீநுண் எண்ணிக்கையும் அதே அளவு ஏற வேண்டும் என்று விதியில்லை. அதுபோல, மழை கழுவிவிட்ட காலையில் வெயில் எறித்ததும் எண்ணிக்கை சட்டென்று ஏறினால் அதைக் கருவிப் பிழை என்று அழித்துவிடாதீர்கள். பெரியவை இல்லாத இடத்தில் சிறியவை பிறக்கின்றன.

அறிகுறி: மாதிரியில் நண்பகல் எழுச்சியே இல்லை

ஆவியிலிருந்து புதிய துணிக்கை பிறக்கும் கருவாதலுக்கு எந்தச் சூத்திரம் போட்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள். சல்பூரிக் அமிலமும் நீரும் மட்டும் சேர்ந்து கருவாகும் பழைய சூத்திரம் குளிர்ந்த மேல் வளிமண்டலத்தில் வேலை செய்யும். வன்னியின் தரைமட்ட வெப்பத்தில் அது ஏறத்தாழ பூச்சியம். அமோனியாவோ அமீன்களோ சேதன ஆவிகளோ கை கொடுக்க வேண்டும். செர்ன் ஆய்வுகூடத்தில் 2009 முதல் நடக்கும் கிளவுட் பரிசோதனை இந்தச் சேர்க்கைகளைத்தான் ஒவ்வொன்றாக அளந்துவருகிறது. அமோனியாவுக்கு வன்னியில் பஞ்சமில்லை. யூரியா தூவிய வயலும் பட்டி மாடும் போதும். ஆனால் 2021ஆம் ஆண்டை ஓட்டுகிறீர்களென்றால் நில்லுங்கள். அந்த ஆண்டு மே முதல் நவம்பர் வரை இரசாயன உர இறக்குமதிக்குத் தடை இருந்தது. அடுத்து வந்த காலபோகத்தில் யூரியாவுக்குத் தட்டுப்பாடு. வழமையான ஆண்டின் அமோனியாப் பட்டியலை அப்படியே போட்டால், தூவாத உரத்திலிருந்து துணிக்கை பிறக்கும்.

மற்ற மூலப்பொருளான கந்தகம் எங்கிருந்து வருகிறது? தென்மேற்கிலிருந்து சோளகக் காற்றடிக்கும் மாதங்களில் காற்று வரும் பக்கம் திரும்பிப் பாருங்கள். நுரைச்சோலையில் 900 மெகாவாற்று நிலக்கரி மின்நிலையம். வவுனியா அதற்கு வடகிழக்கே ஏறத்தாழ 120 கிலோமீற்றர். உலக மாதிரிகள் பல, உமிழும் கந்தகத்தில் 2.5 சதவீதம் போல ஒரு நிலையான பங்கைத் தொடக்கத்திலேயே சல்பேற்றுத் துணிக்கையாக வைத்துவிடும். புகைத்தாரைக்குள் வெயிலும் கலவையும் சேர்ந்து நடத்தும் கருவாதலுக்கு இது ஓர் ஒட்டு வைத்தியம். இந்த ஒரு பங்கையும் அதற்குக் கொடுத்த விட்டத்தையும் அசைத்து ஓட்டிப் பாருங்கள். சோளக மாத விடை ஆடி, வாடை மாத விடை ஆடாமல் நின்றால், தேடிய இடத்துக்கு வந்துவிட்டீர்கள்.

அறிகுறி: 2022 மட்டும் பொருந்தவில்லை

எரிபொருள் வரிசையில் நின்றவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. வாகனத்துக்கு வழமையான மாதப் பங்கீட்டைப் போடாதீர்கள். மின்வெட்டு மணிகளில் கடைத்தெருவின் மின்பிறப்பாக்கிகளை மறக்காதீர்கள்.

அறிகுறி: எல்லாம் பொருந்துகிறது

என்னை அதிகம் ஏமாற்றியது இதுதான். ஒரு முறை மாதச் சராசரி கருவியோடு கச்சிதமாக ஒட்டியது. அன்று எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். பிறகு மணி வாரியாகப் பிரித்தபோது, நண்பகல் எழுச்சி மாதிரியில் இல்லை. இரவு அடுப்புப் புகை வேண்டியதற்கு மேல் இருந்தது. ஒன்று குறைந்ததை மற்றது நிரப்பியிருக்கிறது. முதலில், உங்கள் ஒப்பீட்டு நிலையம் மாதிரியின் பயிற்சித் தரவுக்குள் ஏற்கெனவே நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரு நாளை நான்கு துண்டாக வெட்டுங்கள்: காலை ஆறு முதல் ஒன்பது, பத்து முதல் இரண்டு, மாலை ஆறு முதல் ஒன்பது, நள்ளிரவு முதல் நான்கு. ஒவ்வொன்றையும் சோளகம், வாடை என்று இரண்டாக்குங்கள். எட்டுப் பெட்டிகள் வரும். ஒவ்வொரு பெட்டியிலும் மாதிரி கருவியின் பாதிக்கும் இரு மடங்குக்கும் இடையில் நிற்கிறதா என்று தனித்தனியாகப் பாருங்கள். தேநீர் வாங்கிக் கொடுத்த அந்தப் பொருத்தம் எட்டில் இரண்டில்தான் நின்றது.